ஊதல் ஏந்தும் தகுதி

சென்ற சில இதழ்களில் இப்பகுதியில் பந்தாடுவோரைப் பற்றி எழுதி வந்தோம். இம்மாதம், பந்தைத் தொடாமலே ஆட்டத்தை நடத்தி வைக்கும் ஒருவரைப் பற்றி எழுதக் கருதுகிறோம். அவரே நடுவர். நன்றாக நடத்தினால், அவர் அங்கு இருந்ததாகவே எவரும் நினைவு கொள்வதில்லை. ஒரு பிழை நேர்ந்துவிட்டாலோ, காலனி முழுவதும் ஒரு வாரம் அவர் பேச்சுத்தான். இத்தகைய பணிக்கு ஆட்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப் பெறுகின்றனர், எந்தெந்தப் படிகளில் ஏறி உயர்கின்றனர் என்பதை நம் குடும்பத்தினர் பலர் அறியார்.

நம் சங்க உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதமே இதனை எழுதத் தூண்டியது. அவருடைய இரண்டாம் மகனுக்கு வயது இருபத்திரண்டு. கல்லூரியின் கைப்பந்து அணியில் ஆடியவன். உயரம் போதவில்லை என்று மாநில அணித் தேர்வில் இருமுறை விலக்கப்பட்டான். இப்பொழுது நடுவர் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறானாம். "இரு கட்சியாரிடமும் ஏச்சு வாங்குவதற்கு ஒரு பரீட்சையா? இதனால் அவனுக்கு ஆகப்போவது என்ன?" என்று தந்தையார் எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானதே. பிள்ளையின் ஆசையும் நியாயமானதே. இரண்டுக்கும் விடை கூற முயல்வோம்.

ஏன் இந்தப் பேச்சு?

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் விழாப் போட்டியை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறுதியாட்டத்தின் ஐந்தாம் செட்டு. புள்ளிகள் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அடித்த பந்து கோட்டின்மேல் விழுந்ததா, அப்பால் விழுந்ததா என்பதில் சச்சரவு எழுந்தது. உயர்ந்த மேடைமேல் நின்றவர் நல்லெண்ணம் கொண்ட பெரியவர். ஆனால் முறையாகப் பயின்றவர் அல்லர். கோட்டருகே கொடியுடன் எவரும் இல்லை. அவர் முதலில் ஒரு பக்கம் கை காட்டினார். கூச்சல் எழுந்ததும் மறு பக்கம் காட்டினார். அவ்வளவுதான். ஆட்டம் முடிவின்றிக் கலைந்தது. அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள், சித்திரைப் பிறப்பு வரையில் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாய்நாட்டை விட்டுத் தொலைவில், நூறு நூற்றைம்பது குடும்பங்களாக வாழும் நமக்கு இது சிறிய இழப்பு அன்று. கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், நாம் தட்டும் கதவு அடுத்த வீட்டுக் கதவுதான். அந்தக் கதவை ஒரு பந்து அடைத்துவிடலாமா? ஆகவேதான் நடுவரின் தகுதி, விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று என்கிறோம்.

ஆட்டம் வந்த வழி

கைப்பந்தாட்டம் 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹோலியோக் நகரில் பிறந்தது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.யில் உடற்பயிற்சிப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் மார்கன் இதனை வகுத்தார். முதலில் இதற்கு 'மிண்டனெட்' என்று பெயர். அடுத்த ஆண்டே 'வாலிபால்' என்று மாறியது. ஒய்.எம்.சி.ஏ. சென்ற நாடுகளுக்கெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, நம் நாட்டுப் பள்ளிகளுக்குப் பல தலைமுறை உடற்பயிற்சி ஆசிரியர்களை அளித்தது. அவ்வாசிரியர்களே பள்ளி மைதானங்களில் வலை கட்டினார்கள். அவர்களே ஊதலும் ஊதினார்கள்.

உலகக் கைப்பந்துச் சங்கம் 1947இல் பாரிஸ் நகரில் அமைந்தது. இந்தியக் கைப்பந்துக் கூட்டமைப்பு 1951இல் தோன்றியது. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் ஆடவர் அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1964இல் டோக்கியோவில் இவ்வாட்டம் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. நாட்டுக்கு நாடு ஆடத் தொடங்கியதும் ஒரு சிக்கல் உண்டாயிற்று. விதிகள் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. விதிகளைப் பார்க்கும் கண்களும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஓர் ஊரில் தவறாகாத தொடுதல் மற்றோர் ஊரில் தவறாகுமேயானால் போட்டிக்குப் பொருளில்லை. இக்காரணம் பற்றியே நடுவர்க்குப் பயிற்சியும், பரீட்சையும், படிநிலைகளும் ஏற்பட்டன.

மேடைமேல் நிற்பவரின் வேலை

முறையான ஆட்டத்தில் இரண்டு நடுவர்கள் உண்டு. முதல் நடுவர் வலையின் ஒரு முனையில், தம் கண்கள் வலைக்கு ஏறக்குறைய அரை மீட்டர் மேலே இருக்குமாறு, மேடையில் நிற்பார். அவர் தீர்ப்பே இறுதியானது. இரண்டாம் நடுவர் எதிர்முனையில் தரையில் நிற்பார். ஆள் மாற்றம், இடைவேளை, நடுக்கோட்டை மீறுதல், பந்தைப் பெறும் அணியினர் தத்தம் இடத்தில் நிற்கின்றனரா என்பது ஆகியவை அவர் கவனத்துக்கு உரியவை. இவர்களுக்குத் துணையாகப் புள்ளி எழுதுபவரும், அவருக்கு உதவியாளரும், கொடி பிடித்த கோட்டு நடுவர் இருவர் அல்லது நால்வரும் இருப்பர்.

வேலை ஆட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர். அளவுகோலை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கக் கோடுகளின் மேல் இரு முனைகளும் சம உயரமாக இருத்தல் வேண்டும். அவ்வுயரம், விதித்த அளவினும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மிகலாகாது. பந்தின் எடை 260 முதல் 280 கிராம் வரை. வலையின் இரு பக்கமும் நிற்கும் கழிகள் வலைக்கு மேல் 80 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். இவற்றையெல்லாம் பார்த்து முடித்து, இரு தலைவர்களையும் அழைத்து நாணயம் சுண்டிய பின்னரே ஊதல் வாய்க்குச் செல்லும்.

ஊதிய பின் நடுவர் வாய் திறந்து பேசுவதில்லை. கையினால் மூன்று செய்திகளை வரிசையாகக் கூறுகிறார்: அடுத்த சர்வீஸ் எந்த அணிக்கு, நேர்ந்த தவறு யாது, தவறு செய்தவர் யார். ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் ஒரே சைகைதான். கோட்டு நடுவரின் கொடிக்கும் மொழி உண்டு. கொடி தாழ்ந்தால் பந்து உள்ளே, உயர்ந்தால் வெளியே, உயர்த்திய கொடியின் உச்சியை மறு உள்ளங்கையால் தொட்டால், ஆட்டக்காரர் மேல் பட்டு வெளியே சென்றது என்று பொருள். பார்க்க இயலவில்லையெனில் இரு கைகளையும் மார்பின்மீது குறுக்காக வைத்துக் காட்ட வேண்டும். 'நான் பார்க்கவில்லை' என்று ஒப்புக்கொள்வதற்கும் ஒரு சைகையை விதியிலேயே வகுத்திருப்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் பொங்கல் போட்டியில் அந்த ஒரு சைகையைத் தெரிந்தவர் ஒருவர் கோட்டருகே இருந்திருந்தால், அந்தப் புள்ளியையே மறுபடி ஆடச் செய்திருக்கலாம்.

முதற்படி: மேசையும் கோடும்

நடுவராக விரும்புவோர் முதலில் ஏற வேண்டிய இடம் மேடை அன்று; அமர வேண்டிய இடம் புள்ளி எழுதும் மேசை. ஆட்டத்தாள் எழுதுவது எளிது என்று பலர் எண்ணுகின்றனர். ஆறு பேரின் சர்வீஸ் வரிசை, ஒவ்வொரு செட்டிலும் நேரும் ஆள் மாற்றங்கள், எடுத்த இடைவேளைகள், காட்டப்பட்ட அட்டைகள், லிபரோ என்னும் காப்பாட்டக்காரரின் போக்குவரத்து ஆகிய யாவும் பந்து பறந்துகொண்டிருக்கும்போதே பதிவாக வேண்டும். ஒரு கட்டம் பிழைத்தால் தவறான ஆள் சர்வீஸ் செய்வார்; பெற்ற புள்ளிகள் பறிபோகும். டிக்கெட் ஜன்னலில் கணக்கு முடிக்கும் நம் போன்றோர்க்கு இதன் அருமை விளங்கும். தாள் எழுதப் பழகியவனுக்கு ஆட்டத்தின் எலும்புக்கூடு தெரிந்துவிடுகிறது.

அடுத்தது கோட்டருகே கொடி பிடித்தல். இங்கே கண் பழகுகிறது. பந்தைத் தொடர்ந்து ஓடாமல், விழப்போகும் கோட்டின்மேல் பார்வையை முன்னரே நிறுத்தும் பயிற்சி இது. பள்ளிப் போட்டிகளிலும் மாவட்டப் போட்டிகளிலும் இவ்விரு பணிகளுக்கும் எப்போதும் ஆள் குறைவு. விரும்பிச் சென்று நிற்பவனை எவரும் வேண்டாம் என்பதில்லை.

இரண்டாம் படி: மாநிலப் பரீட்சை

சில காலம் இவ்வாறு பழகியபின், மாநிலக் கைப்பந்துச் சங்கம் நடத்தும் நடுவர் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பெரும்பாலும் மாவட்டச் சங்கத்தின் வழியாகவே செல்லும். கட்டணமும், கல்வித் தகுதியும், வயதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் அவற்றை உரிய சங்கத்திலேயே கேட்டறிதல் நலம். பரீட்சைக்கு முன் சில நாட்கள் வகுப்பு நடத்துவதும் வழக்கம்.

பரீட்சைக்கு மூன்று உறுப்புகள் உண்டு என்று கொள்ளலாம். முதலாவது எழுத்து. விதிப்புத்தகத்தைப் படித்தவனுக்கும் மனப்பாடம் செய்தவனுக்கும் உள்ள வேற்றுமை இங்கே தெரியும். 'சர்வீஸ் செய்ய எத்தனை வினாடி?' என்று கேட்டால், ஊதல் ஒலித்தபின் எட்டு வினாடி என்று எவரும் எழுதிவிடலாம். 'ஊதல் ஒலிக்கும் முன்னரே சர்வீஸ் செய்துவிட்டால்?' என்பதுபோன்ற கேள்விக்குத்தான் சிந்தனை வேண்டும். அந்த சர்வீஸ் செல்லாது; மறுபடி செய்ய வேண்டும் என்பது விடை. இரண்டாவது வாய்மொழி. பரீட்சகர் ஒரு நிகழ்ச்சியை விவரித்து, 'நீர் என்ன செய்வீர்?' என்பார். மூன்றாவதே தலையாயது: உண்மையான ஓர் ஆட்டத்தை, பரீட்சகர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நடத்திக் காட்ட வேண்டும்.

எழுத்தில் முதன்மையாகத் தேறியவர் செய்முறையில் தோற்பது புதிதன்று. ரயில்வேயிலும் பொது விதிப்புத்தகத்தை வரிக்கு வரி ஒப்பிக்கும் ஒருவர், உண்மையில் தண்டவாளத்தில் வண்டி நிற்கும்போது தடுமாறுவதுண்டல்லவா? அவ்வாறே இதுவும்.

பரீட்சகர் எதைப் பார்க்கிறார்?

பிழையற்ற தீர்ப்பை மட்டும் அவர்கள் எண்ணுவதில்லை. ஊதல் காலந்தாழ்த்தாமல் ஒலித்ததா? ஒலி உறுதியாக இருந்ததா, நடுங்கிற்றா? சைகை தெளிவாக, அனைவரும் காணும்படி, சற்று நேரம் நிலைத்து நின்றதா? இரண்டாம் நடுவரோடும் கோட்டு நடுவரோடும் கண்ணால் பேசிக்கொண்டனரா? முதல் செட்டில் தவறு என்று கூறிய தொடுதலை, ஐந்தாம் செட்டிலும் அவ்வாறே கூறினாரா? தலைவர் ஒருவரே விளக்கம் கேட்க உரியவர். மற்றையோர் சூழ்ந்துகொண்டபோது நடுவர் எவ்வாறு நடந்துகொண்டார்?

அட்டைகள் காட்டுவதிலும் முறை உண்டு. மஞ்சள் அட்டை எச்சரிக்கை. அதனால் புள்ளி இழப்பில்லை. சிவப்பு அட்டை எதிரணிக்கு ஒரு புள்ளியும் சர்வீஸும் அளிக்கும். இரண்டையும் ஒரே கையில் சேர்த்துக் காட்டினால் அந்த செட்டு முடியும்வரை வெளியேற்றம். இரு கைகளில் தனித்தனியே காட்டினால் ஆட்டம் முழுவதற்கும் விலக்கு. அட்டையை அவசரப்பட்டு எடுப்பவர்க்கும் மதிப்பெண் குறையும். எடுக்க வேண்டிய இடத்தில் அஞ்சி நிற்பவர்க்கும் குறையும். கோபமும் அச்சமும் ஆகிய இரண்டும் இல்லாதவரையே பரீட்சகர்கள் தேடுகின்றனர்.

மூன்றாம் படி: தேசிய நடுவர்

மாநில நடுவராகத் தேறியவர் சில ஆண்டுகள் மாநிலப் போட்டிகளை நடத்தி, தம் சங்கத்தின் பரிந்துரை பெற்று, தேசியப் பரீட்சைக்குச் செல்லலாம். முறை முன்னையதே, அளவுதான் கடுமை. இங்கே பந்தின் வேகம் வேறு. தேசியப் போட்டிகளில் ரயில்வே மகளிர் அணியும் கேரள மகளிர் அணியும் மோதிய ஆட்டங்களைப் பார்த்தவர்கள், விரல் நுனியில் உராய்ந்து சென்ற பந்தைக் கண்டுகொள்வது எத்துணை அரிது என்பதை அறிவர். தேசிய நடுவர் என்னும் சான்றிதழ் பெற்றவர் நாட்டின் எம்மூலையிலும் போட்டி நடத்த அழைக்கப்படலாம். பெரும்பாலோர்க்கு இதுவே இறுதிப் படி. அதில் குறைவு ஒன்றும் இல்லை.

நான்காம் படி: பன்னாட்டு நடுவர்

இதற்கு ஒருவர் தாமே விண்ணப்பிக்க இயலாது. நாட்டின் கூட்டமைப்புத்தான் பெயரை முன்மொழிய வேண்டும். வயதுக்கு உச்சவரம்பு உண்டு. ஆங்கிலம் பேசவும் எழுதவும் தெரிய வேண்டும். உலகச் சங்கம் நடத்தும் பயிற்சி வகுப்பில் பல நாட்டாரோடு அமர்ந்து, எழுத்திலும் செய்முறையிலும் தேற வேண்டும். தேறியவுடனே அவர் பன்னாட்டு நடுவர் ஆகிவிடுவதில்லை. பன்னாட்டு நடுவர் வேட்பாளர் என்றே அழைக்கப்படுவார். பின்னர்ப் பன்னாட்டுப் போட்டிகளை நடத்தி, அங்குள்ள மேற்பார்வையாளர்கள் எழுதும் குறிப்புகள் நன்றாக அமைந்தால்தான் முழுத்தகுதி கிட்டும். அவர்களிலும் தேர்ந்தெடுத்த சிலரே உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் செல்கின்றனர்.

அத்தகைய போட்டிகளில் ஆடும் இரு நாட்டையும் சேராதவரையே நடுவராக நிறுத்துவது வழக்கம். உலகச் சங்கத்தின் போட்டிகளில், ஆட்டத்துக்கு முன் நடுவர்க்கு மதுச் சோதனையும் செய்கின்றனர். வண்டி ஓட்டப் புறப்படும் நம் லோகோ பைலட்டுகள் குழாயில் ஊதிக் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. பலருடைய உழைப்பு ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும் இடத்தில், அந்தக் கையின் தெளிவைச் சோதித்துப் பார்ப்பது அவமதிப்பு ஆகாது.

கடற்கரைக் கைப்பந்துக்கு விதிகள் வேறு. அதற்குத் தகுதிச் சான்றும் வேறு என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

அமெரிக்காவில்

ஆட்டம் பிறந்த நாட்டில் ஏற்பாடு சற்று வேறானது. அங்கே நாடு பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. புதியவர் 'தற்காலிக நடுவர்' என்னும் நிலையில் தொடங்குகிறார். வகுப்பும் பரீட்சையும் முடித்து, மைதானத்தில் மதிப்பிடப் பெற்று 'வட்டார நடுவர்' ஆகிறார். அதற்கு மேல் 'இளையோர் தேசிய நடுவர்', அதற்கும் மேல் 'தேசிய நடுவர்'. மேல்நிலைக்குச் செல்ல விரும்புவோர், வட்டாரத்தாரின் பரிந்துரையோடு குறிப்பிட்ட பெரிய போட்டிகளுக்குச் சென்று, ஒரே நாளில் பல ஆட்டங்களை நடத்த வேண்டும். மதிப்பீட்டாளர் பலர் வெவ்வேறு ஆட்டங்களில் அவரைப் பார்த்து, பின்னர் ஒன்றுகூடிக் கலந்து முடிவு செய்கின்றனர். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றொருவர் கண்ணில் படும் என்பது கருத்து. புள்ளி எழுதுவோர்க்கும் அங்கே தனிப் படிநிலை உண்டு.

அந்நாட்டில் மற்றொரு தொல்லையும் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆட்டத்துக்கு ஒரு விதிப்புத்தகம்; கல்லூரி மகளிர்க்கு ஒன்று; கழகங்களுக்கு உலகச் சங்கத்தின் விதிகளைத் தழுவிய மற்றொன்று. 2024இல் கல்லூரி மகளிர் ஆட்டத்தில், அணியின் இரண்டாம் தொடுதலில் ஒருவரே இருமுறை தொட்டாலும், பந்து அவ்வணியின் பக்கத்திலேயே இருக்குமாயின் தவறில்லை என்று விதித்தனர். அப்போது, வெள்ளியன்று கல்லூரியில் ஊதியவர், சனியன்று கழகத்தில் அதே தொடுதலைத் தவறு என்று கூற வேண்டியிருந்தது. ஒரு புத்தகம் மட்டும் படிக்கும் நம் பிள்ளைகள் அவ்வகையில் பேறு பெற்றவர்களே.

சிறுவர் சிறுமியரோடு பழகும் பணியாதலால், அங்கே நடுவர்கள் குற்றப் பின்னணி உண்டா என்ற விசாரணைக்கு உட்பட வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்புப் பற்றிய பாடத்தையும் முடிக்க வேண்டும். இதனை நம் சங்கங்களும் பின்பற்றுவது நன்று.

பெற்றதைக் காப்பது

சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணலாகாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. முற்காலத்தில் சர்வீஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி. செட்டு பதினைந்தோடு முடியும். 1990களின் இறுதியில் அம்முறை போய், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, செட்டுக்கு இருபத்தைந்து என்று ஆயிற்று. 1998இல் லிபரோ வந்தார். வலையைத் தொடுவது பற்றிய விதி 2009இல் தளர்ந்தது. 2015இல் மீண்டும் இறுகியது. 2025இல் தொடங்கிய விதிப்புத்தகத்தில், சர்வீஸ் செய்யும் அணியினர் எவ்விடத்திலும் நிற்கலாம் என்று தளர்த்தப்பட்டது. இருபது ஆண்டு அனுபவத்தை மட்டும் நம்பி ஊதுபவர், நேற்றைய ஆட்டத்தையே ஊதுவார். எனவே புத்தகம் மாறும்போதெல்லாம் வகுப்புக்குச் செல்வதும், ஆண்டுதோறும் போதிய ஆட்டங்களை நடத்துவதும் இன்றியமையாதவை. பெரிய போட்டிகளில் இப்போது படக்கருவியின் துணையால் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறையும் வந்துவிட்டது. தம் தீர்ப்பு தவறு என்று திரையில் காட்டப்படும்போது, முகம் சுளியாமல் மாற்றிக் கூறுவதும் இன்றைய நடுவர் கற்க வேண்டிய பாடம்.

வீட்டார் கேட்கும் கேள்வி

இனி, தந்தையாரின் கேள்விக்கு வருவோம். இதனால் வருவாய் என்ன? ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: இது குடும்பம் நடத்தும் தொழில் அன்று. பயணச் செலவும், தங்கும் இடமும், நாட்படியும் கிடைக்கும். பெரிய போட்டியானால் சற்றுக் கூடுதல். நம் நாட்டில் நடுவர்களிற் பலர் உடற்பயிற்சி ஆசிரியர்களாகவோ, அரசு ஊழியர்களாகவோ இருந்துகொண்டே இப்பணியைச் செய்கின்றனர். பிள்ளை ஒரு வேலையைத் தேடிக்கொள்ளட்டும். அத்துடன் இதனையும் வைத்துக்கொள்ளட்டும். வேலையில் இருப்போர், போட்டிக்குச் செல்லுமுன் மேலதிகாரியின் அனுமதியை எழுத்து மூலம் பெறுதல் வேண்டும்.

வருவாய்க்கு அப்பால் ஒன்று உண்டு. ஆட்டக்காரனின் காலம் முப்பது வயதுக்கு மேல் தேய்கிறது. முழங்கால் வலித்தால் முடிந்தது. உயரம் போதாதவனுக்கு அது தொடங்குவதே இல்லை. நடுவர்க்கோ அந்த வயதில்தான் நிதானம் வாய்க்கிறது. அந்த இளைஞனை மைதானம் இருமுறை வெளியே அனுப்பியிருக்கிறது. அதே மைதானத்துக்குள் மதிப்போடு நுழைய ஒரு வழி இருக்கும்போது, அதனை நாம் அடைக்க வேண்டுமா என்பதே நம் எதிர்க்கேள்வி. ஏச்சு கேட்க வேண்டிவரும் என்பது மெய்தான். இரைச்சலுக்கு நடுவில் நியாயத்தை உரக்கச் சொல்லவும், சொன்ன பின் நிலைத்து நிற்கவும் பழகியவன், நாளை அலுவலகத்திலும் வீட்டிலும் எளிதில் கலங்க மாட்டான்.

பெண்களுக்கும் இவ்வழி திறந்தே உள்ளது. அவர்களுக்கென்று தனிப் பரீட்சை இல்லை. அதே புத்தகம், அதே மேடை. பன்னாட்டுப் போட்டிகளில் ஆடவர் ஆட்டங்களையும் பெண் நடுவர்கள் நடத்துகின்றனர். கல்லூரியோடு பந்தை மறந்துவிடுகிற நம் புதல்வியர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் போன்ற குடிபெயர்ந்தோர்க்கு

மாற்றல் உத்தரவு நம் வாழ்வின் ஒரு பகுதி. மாநிலச் சான்றிதழ் அந்தந்த மாநிலச் சங்கத்தைச் சேர்ந்தது. ஆகவே, எம்மாநிலத்தில் குடியிருக்கிறோமோ அம்மாநிலச் சங்கத்திலேயே பெயரைப் பதிவு செய்க. நடத்திய ஒவ்வோர் ஆட்டத்தையும், தேதி, இடம், போட்டியின் பெயர், செய்த பணி ஆகியவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, முடிந்தால் போட்டி நடத்தியவர் கையொப்பமும் பெற்று வைக்க. மாற்றல் வரும்போது பழைய சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு செல்க. புதிய ஊரில் அந்நோட்டுப் புத்தகமே முதல் அறிமுகம்.

மொழியைப் பற்றிய அச்சம் வேண்டாம். பரீட்சைக்கு ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்க வேண்டியதுதான். ஆனால் மேடைமேல் ஏறியபின் கையே மொழி. இவ்வூருக்கு வந்த புதிதில் கடைத்தெருவில் காய்கறி விலை கேட்கத் தெரியாமல் நின்றவர்கள் நம்மில் பலர். அத்தகைய ஒருவரும், ஒரு சொல் பேசாமலே, பன்னிரண்டு ஆட்டக்காரர்க்கும் ஆயிரம் பேர்க்கும் தம் தீர்ப்பை விளங்க வைக்கக்கூடிய இடம் அது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் நிர்வாகக் குழுவின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். வரும் பொங்கல் போட்டிக்குக் கோப்பை வாங்க ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, நம் இளைஞர் இருவரும் இளம்பெண்கள் இருவருமாக நால்வர்க்கு மாநில நடுவர் பரீட்சைக் கட்டணத்தைச் சங்கமே செலுத்தட்டும். விதிப்புத்தகம் இரண்டு படிகள் வாங்கி நூலகத்தில் வைக்கட்டும். கோட்டு நடுவர்க்குக் கொடிகள் நான்கும், வலை அளக்க ஒரு கோலும் போதும், செலவு மிகாது. ஞாயிறு மாலைகளில் புள்ளித்தாள் எழுதக் கற்றுத்தர, இவ்வூர்ப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரை வேண்டிக்கொள்ளலாம்.

கோப்பை சற்றுச் சிறிதாக இருப்பதால் எவர் மனமும் நோகாது. ஆட்டம் நேர்மையாக முடிந்து, தோற்றவர் வென்றவர் கையைப் பற்றிக்கொண்டு ஒரே பந்தியில் அமர்ந்து பொங்கல் உண்டால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம். கடிதம் எழுதிய அன்பர், தம் மகன் பெயரை முதற்பெயராக எழுதித் தருவார் என்று நம்புகிறோம்.